வருகைத் தாளில் முதல் பெயர் என்னுடையது

எனக்கு நன்றாக எழுத வராது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு கையில் பேனாவைவிடத் துடைப்பம் இருந்த நாள்தான் அதிகம். மறதியும் வந்துவிட்டது, எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்று குழம்புகிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள், "பேச கூச்சமா இருந்தா எழுதியாவது குடுங்க ஆன்ட்டி" என்று கேட்டதால் எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

மனு எப்படி எழுதுவது, நகராட்சி மஜ்லிஸில் எந்த மாடிக்குப் போவது, எத்தனை பிரதி எடுப்பது என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாததைத்தான் நான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கோபத்தோடு சொல்வேன். குழுவிலிருந்து விலகினால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

உங்களில் சிலர் சித்தியவானிலிருந்தும் பீடோரிலிருந்தும் வந்து இங்கே வீடு வாங்கியவர்கள். அதனால் முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தாமான் குடியிருப்பு இருக்கும் நிலம் முழுக்க ஒரு காலத்தில் ரப்பர். தோட்டத்தை விற்றார்கள், லயங்களை இடித்தார்கள், வீடுகள் வந்தன, நடுவில் இரண்டு மாடிக் கடைக் காம்ப்ளெக்ஸ் வந்தது. நான் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிய இடத்திலேயே பிறகு காம்ப்ளெக்ஸ் கக்கூஸ் கழுவினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. காம்ப்ளெக்ஸுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி நிற்கும் பலகைக் கட்டடத்தை நீங்கள் ஸ்டோர் என்று நினைத்திருப்பீர்கள். அதுதான் ஆயாக்கொட்டகை. தாய்மார்கள் இருட்டோடு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டார்கள். உள்ளே நீளமாக ஒரு விட்டம், அதில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். அவரவர் சேலையை அவரவர் கொக்கியில் தொட்டிலாகக் கட்டிவிட்டுப் போவார்கள். கொக்கிக்கு எண் எழுதவில்லை. எந்தக் கொக்கி எந்த வீட்டினுடையது என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கும் இங்கே பழைய குடும்பங்களில் பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் கழிந்தால், தூக்கிக்கொண்டு வந்து தங்கள் கொக்கியில் ஒருமுறை தொட்டில் கட்டி ஆட்டிவிட்டுத்தான் போகிறார்கள். ஈப்போவில் பெரிய வேலையில் இருப்பவர்களும் காரை நிறுத்திவிட்டுக் குப்பைத் தொட்டியைச் சுற்றி வருகிறார்கள்.

காம்ப்ளெக்ஸ் கம்பெனிக்காரர்கள் அதை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறோம் என்றார்கள். கட்டட்டும். கூரை ஒழுகுகிறது, மின்படிக்கட்டு வேலை செய்து வருடக்கணக்காகிறது. ஆனால் அவர்கள் கட்டடப் படத்தில் ஆயாக்கொட்டகை இருக்கும் இடத்தில் கார் ஏறும் சரிவு இருந்தது. அந்தச் சரிவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் நம் குழு கேட்டது. அவ்வளவுதான் கேட்டோம்.

அதன் பிறகு நடந்ததில் முதல் தப்பு என்னுடையது.

பாலாய் ராயா பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம் என்று கம்பெனி ஒன்று வைத்தது, மதியச் சாப்பாட்டோடு. பேச வந்தவர் நம்ம தமிழ்ப் பிள்ளை. சீனரையோ மலாய்க்காரரையோ அனுப்பியிருந்தால் நாங்கள் கொஞ்சம் விறைப்பாக இருந்திருப்போம். இந்தப் பிள்ளை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

"அம்மா, இங்க எல்லாருக்கும் உங்களத்தான் தெரியும்னாங்க. கொஞ்சம் வாசல்ல நின்னு வர்றவங்க பேர எழுத வைக்கிறீங்களா? நான் சொன்னா கேக்க மாட்டாங்கம்மா, நீங்க சொன்னா கேப்பாங்க."

யாரும் என்னை எதற்கும் வாசலில் நிற்கச் சொன்னதில்லை. மேசையில் தாள், பேனா, நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். நான் உருகிப்போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குப் புரிய வேண்டும். தோட்டத்தில் தினமும் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்போம், கிராணி பெயர் படிப்பார், குரல் கொடுக்க வேண்டும். பெயர் ஏறவில்லை என்றால் அன்றைக்கு நீ வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம், எத்தனை மரம் வெட்டியிருந்தாலும் சரி. அது எங்கள் எலும்பில் ஏறியிருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மொய் நோட்டில் பெயர் ஏறியதா என்று பார்க்காமல் பந்தியில் உட்கார மாட்டோம். அன்றைக்கும் அப்படித்தான். என் கூட்டாளி பாப்பாத்தி சாப்பாட்டு மேசை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏக்கா, என் பேரு ஏறிடுச்சா? ஏறாம சோத்துல கை வைக்க மாட்டேன்லா."

"வந்து சைன் போடுடி. பின்னால ஆளு நிக்குது."

தாளின் தலையில் மூன்று வரி மலாயில், எறும்பு எழுத்தில் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மலாய் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், கண்ணாடி பையில் இருந்தது. ஆனால் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. அத்தனை பேரையும் நிறுத்திவைத்து, கண்ணாடியைத் தேடி, வாய் முணுமுணுத்துப் படித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். தயங்கி நின்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஒன்றாம் எண்ணில் நானே கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள்.

சில வாரம் கழித்து நம் ஆட்சேபத்தைக் கொடுக்க மஜ்லிஸுக்குப் போனோம். முகப்பில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிவிட்டு, நீங்கள்தான் ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டீர்களே என்று அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினாள். விளக்கத்தைக் கேட்டுக்கொண்டோம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பதுதான் அந்த மூன்று வரி. கீழே வரிசையாக எங்கள் பெயர்கள். ஒன்றாம் எண்ணில் என் கோணல் கையெழுத்து.

திரும்பி வரும்போது வேனில் நம் குழுத் தலைவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுநரிடம் பேசினார். எங்களிடம் இல்லை.

"படிக்காத ஜனங்கள வச்சுக்கிட்டு என்னாத்த பண்றது. பிரியாணிப் பொட்டலத்துக்கு சைன் போட்டுட்டு வந்து நிக்குதுங்க."

அந்த மனுஷன் அன்றைக்கு முதல் வரிசையில் மாலை போட்டுக்கொண்டு கம்பெனிக்காரர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் படித்தவர்தான். வாசலுக்கு வந்து ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தாரா? யாரும் பிரியாணிக்குக் கையெழுத்துப் போடவில்லை. நான் போடு என்றேன், போட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு, பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேனில் பேசாமல் வந்தது, கையெழுத்துப் போட்டதைவிடப் பெரிய தப்பு.

நம் குழுவில் அப்போது நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான், நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"அக்கா, உந்த மூண்டு வரியையும் நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டேன்."

"கண்டும் வாசிக்கேல்ல."

"இல்ல."

"அப்ப இதை ஊருக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டில் தலைவர் சொல்லுற கதைதான் நிக்கும். பிரியாணிக்கு வித்ததெண்டு."

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒவ்வொருவரும் கடிதம் கொடுக்கலாம், மஜ்லிஸ் விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். நான் உடனே ஒரே கடிதத்தை அச்சடித்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"திரும்பவும் ஒரு தாள், திரும்பவும் ஒரு வரிசையோ? ஒரே மாதிரி எத்தனை குடுத்தாலும் அவங்கள் அதை ஒரு கடிதமெண்டுதான் எண்ணுவாங்கள். ஆளாளுக்குத் தங்கடை வாயாலை சொல்லட்டும். எழுத ஏலாட்டில் நீங்கள் எழுதுங்கோ. எழுதினதை வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் கையெழுத்து."

நான் வீடு வீடாகப் போனேன். செமோருக்கு மகள் வீட்டோடு போய்விட்டவர்களைத் தேடி பஸ் ஏறினேன். கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கதவு திறந்ததும், உட்காருவதற்கு முன்பே, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தால் வாயே வராது. பாப்பாத்தி வீட்டில் சொன்னபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப என் கொட்டாய இடிக்கச் சொல்லி எனக்கே சோறு போட்டிருக்கானுங்க."

"ஆமாடி."

"சோறும் வேகல. அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். தன் மகனை எந்தக் கொக்கியில் போட்டாள், வேலையில் இருக்கும்போது பால் கட்டி வலித்தால் எந்தக் குறுக்கு வழியில் ஓடி வந்து புகட்டுவாள், அதைக் கண்ட கங்காணி என்ன பேச்சுப் பேசினான் என்று எல்லாம் சொன்னாள். படித்துக் காட்டியபோது, கங்காணி பேசிய கெட்ட வார்த்தையை நான் விட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்து எழுதச் சொன்னாள். எழுதினேன். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது, அப்படியே.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ராமையா என்று ஒருவர், என்னோடு ஒரே வரிசையில் மரம் வெட்டியவர், கையெழுத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். அவர் மகன் அந்தக் கம்பெனியில்தான் காவல் வேலை செய்கிறான். எனக்குத் தலைக்கு ஏறியது.

"ஓன் மவன ஆட்டுன கொக்கிடா அது. உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

"அக்கா, நீ மன்னிப்பு கேக்க வந்தியா, திட்ட வந்தியா? மொதல்ல அதச் சொல்லு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். அவர் சொன்னது நியாயம் என்று தெரிய எனக்கு வெகுநாள் பிடித்தது. அன்றைக்கு அவரை வரிசையில் நிற்கவைத்து மாட்டிவிட்டவள் நான். மகன் வேலையைக் காப்பாற்ற அவர் சும்மா இருந்தார், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கம்பெனிமேல் இருக்க வேண்டிய கோபத்தைக் கைக்குக் கிடைத்தவர்மேல் இறக்காதீர்கள். நான் இறக்கினேன். இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

நான் இப்படிக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தபோது நம் தலைவர் ஒரு காரியம் செய்தார். பழம்பொருள் இலாகாவிலிருந்து அதிகாரி கட்டடத்தைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கோயிலுக்குச் செய்கிற மாதிரி செய்தார்கள். நான் செமோரிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது ஆயாக்கொட்டகை மஞ்சளும் பச்சையுமாக மின்னிக்கொண்டு நின்றது. பழைய பலகை முழுக்கப் பளபளப்புப் பெயிண்ட். துருப்பிடித்த தகரத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். வாசலில் வாழை மரம் வேறு. பெயிண்ட் விற்ற இரும்புக்கடைச் சீனர் தோட்டத்தில் வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்குன்னு நெனச்சுத்தான் நல்ல கலரா எடுத்துக் குடுத்தேன்லா. இதுக்குன்னு சொல்லியிருந்தா கடைய மூடிட்டுப் போயிருப்பேன்."

தலைவரிடம் போய்க் கேட்டேன். கேட்டேன் என்றால், பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்.

"அழுக்கா இருந்தா நமக்குத்தானக்கா அசிங்கம்."

அந்த வார்த்தை இன்னும் என்னை அரிக்கிறது. நம் அம்மாக்கள் தொட்டில் கட்டிய பலகை அவருக்கு அசிங்கமாக இருந்திருக்கிறது. பழசாக இருப்பதற்காகத்தான் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலேயே அத்தனை நாள் தலைவராக இருந்திருக்கிறார். அவரை மட்டும் சொல்லி என்ன. பெயிண்ட் அடித்தவர்கள் நம் ஆட்கள், சம்பளம் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து ஆசையாக அடித்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

வந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண், முக்காடு போட்ட சின்ன வயதுப் பெண். வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு இது எப்போது கட்டியது என்று கேட்டாள். கூட வந்த கம்பெனிப் பிள்ளை சிரித்தது. அப்போது பாப்பாத்தி யாரையும் கேட்காமல் அந்த அதிகாரியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பெயிண்ட் தீர்ந்துபோனதால் விட்டத்துக்கு யாரும் அடித்திருக்கவில்லை. கொக்கிகள் கறுத்துப்போய், ஒவ்வொன்றும் தொட்டில் ஆடின பக்கமாகத் தேய்ந்து மெலிந்திருந்தன. பாப்பாத்தி ஒரு கொக்கிக்குக் கீழே நின்று தன் நெஞ்சில் கை வைத்து, "அனாக் சாயா, சினி" என்றாள். என் பிள்ளை, இங்கே. அதற்குமேல் அவளுக்கு மலாய் வரவில்லை. அந்தப் பெண் நாற்காலி கேட்டு ஏறி நின்று, ஒவ்வொரு கொக்கியாகப் படம் எடுத்தாள். கம்பெனிப் பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணை நாள் வந்தது. கம்பெனி சார்பில் அதே பிள்ளைதான் பேசியது. கடிதங்கள் எல்லாம் பிறகு யாரோ தூண்டிவிட்டு எழுதியவை, முதலில் எல்லாரும் மனதாரச் சம்மதித்தார்கள் என்று சொல்லி அந்தத் தாளை மேலே தூக்கிக் காட்டியது. ஒன்றாம் எண் யார், வந்திருக்கிறாரா என்று தலைமை அதிகாரி கேட்டார்.

பக்கத்தில் இருந்த நம் தலைவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எந்திரிக்காதக்கா. வயசாயிடுச்சு, ஞாபகம் தப்பிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். அதான் நமக்கு நல்லது."

ஒரு நிமிடம் எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. எழுந்திருக்க வேண்டாம், பேச வேண்டாம். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆனால் எனக்கு மூளை குழம்பியிருந்தால் நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் என்ன ஆகும்? பாப்பாத்தி சொன்னது, மற்றவர்கள் சொன்னது எல்லாம் என் கையெழுத்தில்தானே இருந்தது? ஒரு பைத்தியக்காரி எழுதினது என்று அத்தனையும் குப்பைக்குப் போகும். இதை அந்த நிமிடம் அப்படித் தெளிவாக யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் கை என் கைமேல் இருந்தது பிடிக்கவில்லை, எழுந்துவிட்டேன். காரணம் பிறகுதான் புரிந்தது.

எனக்குத் தெரிந்த, கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் சொன்னேன். அது என் கையெழுத்துதான். எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது. மேலே எழுத்து இருப்பதைப் பார்த்தேன், படிக்கக் கூச்சப்பட்டுப் படிக்கவில்லை, தப்பு என்னுடையது. என்னை நம்பித்தான் மற்றவர்கள் போட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, மலாய் வராமல், தமிழிலேயே கேட்டேன்.

"தம்பி, அன்னிக்கு என்ன வாசல்ல நிக்க வச்சப்ப இது என்னா தாள்னு சொன்ன? அத இவங்க முன்னால சொல்லு."

நில அலுவலக அக்கா எழுந்து அதிகாரிக்கு அதை மலாயில் சொன்னார். எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள்.

"எனக்கு சரியா ஞாபகம் இல்லம்மா."

"எழுவது வயசுல எனக்கு இருக்கு. உனக்கு இல்லையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாப்பாத்தியாகத்தான் இருக்கும். அதிகாரி சிரிக்கவில்லை. அந்தத் தாளை ஓரமாக வைத்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, சரிவுக்கு வேறு இடம் பார்த்துப் படத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கம்பெனியிடம் சொன்னார்.

மறுநாள் பத்திரிகையில் நம் தலைவரின் முயற்சியால் என்று செய்தி வந்தது. அதற்காக நான் கோபப்படவில்லை, படத்தில் நான் இல்லாதது எனக்கு நிம்மதி. என் கோபம் வேறு. அத்தனை ஓட்டத்துக்கும் கிடைத்தது, கம்பெனியிடம் வேறு படம் கேட்ட ஒரு வார்த்தை மட்டும்தான். ஆயாக்கொட்டகையை இடிக்கக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதித் தரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் போனேன். அந்தக் கம்பெனி வீட்டுக்குப் போகவில்லை. அவர்களுக்கு இது சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை, நாம் களைத்துப்போகும் வரை காத்திருப்பார்கள்.

இன்று காலை மீன் வாங்கப் போனபோது, காம்ப்ளெக்ஸ் தூணில், கைத்தொலைபேசிக் கடை விளம்பரத்துக்குப் பின்னால் பாதி மறைந்தாற்போல, புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. மறுபடியும் படம். சரிவு பழைய இடத்திலேயே இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் முடிக்காமல் வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஒரே மூச்சில் முடிக்கிறேன்.

நான் எழுதியதில் முன்பின் மாறியிருக்கும், யாராவது கோப்பை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். அது மெதுவாக நடக்கட்டும். இப்போது வேறொன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்த அறிவிப்பில் ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை என்று படித்தேன். அது இந்த வெள்ளியா அடுத்ததா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கடைப் பெண் ஒன்று சொன்னாள், மீன்காரர் ஒன்று சொன்னார். உங்களில் ஒருவர் இன்றே போய், அந்த விளம்பரத்தைத் தூக்கிவிட்டு, முழுதாகப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.